ஈசாக்கின் கிணறுகள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

விசுவாசம், கீழ்ப்படிதல் என்று பேச்செடுத்தால் நமக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஆபிரகாம். ஊரை விட்டுப் புறப்பட்டார், மகனைப் பலியிட மோரியா மலைக்குப் போனார். அதையெல்லாம் நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு அந்த மகனைப் பற்றிப் பேசலாம். ஈசாக்கு 180 வயது வரை இருந்தவர். ஆபிரகாம் 175, யாக்கோபு 147. மூன்று முற்பிதாக்களில் அதிக நாள் வாழ்ந்தவர் இவர்தான். ஆனால் பிரசங்கங்களில் ஒன்று மலையில் கட்டுண்டு கிடக்கிற பிள்ளையாக வருவார், இல்லாவிட்டால் கண் மங்கி ஏமாந்துபோகிற கிழவராக வருவார். நடுவிலே ஆதியாகமம் 26-ஆம் அதிகாரம் இருக்கிறது. 35 வசனம். அவர் நடுநாயகமாக நிற்கிற அதிகாரம் அது ஒன்றுதான், அதைத்தான் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

தேசத்தில் பஞ்சம். ஆபிரகாம் காலத்திலும் ஒரு பஞ்சம் வந்தது, அவர் எகிப்துக்குப் போனார். நைல் நதி இருக்கும்போது எகிப்தில் தண்ணீருக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஈசாக்கும் கேரார் வரைக்கும் வந்துவிட்டார். கேரார் என்பது இன்றைய இஸ்ரேலின் தெற்கே இருக்கிற பெயெர்செபாவுக்கு வடமேற்கே, காசா பக்கத்தில். அங்கேயிருந்து கடலோரமாகவே எகிப்துக்குப் போய்விடலாம். அந்த இடத்தில் கர்த்தர் சொல்கிறார்: எகிப்துக்குப் போகாதே, இந்தத் தேசத்திலே தங்கியிரு.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பாவுக்கு வந்த கட்டளை "புறப்படு". மகனுக்கு வந்த கட்டளை "தங்கியிரு". இரண்டில் எது கஷ்டம்? புறப்படுகிறவனை ஊரே நின்று பார்க்கும். பஞ்சத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. 6-ஆம் வசனம் ஒரே வரி: ஈசாக்கு கேராரிலே குடியிருந்தார். அவ்வளவுதான். அந்த ஒரு வரிதான் அவருடைய மோரியா என்று நான் சொல்லுவேன்.

உடனே அவரைத் தூக்கிவைத்துவிடவும் முடியாது. 6-ஆம் வசனத்தில் கீழ்ப்படிகிறார், 7-ஆம் வசனத்தில் பொய் சொல்கிறார். ரெபெக்காளுக்காகத் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்து, மனைவியைச் சகோதரி என்கிறார். அப்பா எகிப்தில் ஒரு தரம், இதே கேராரில் ஒரு தரம் சொன்ன அதே பொய். தேசத்தைத் தருவேன் என்ற வாக்குத்தத்தத்தை நம்பினவருக்கு, தன் கழுத்து தப்பும் என்று நம்ப முடியவில்லை. கேராரின் ராஜா அபிமெலேக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார். கோபித்தாலும், இவர்களை யாரும் தொடக்கூடாது, தொட்டால் மரணம் என்று ஜனங்களுக்கு உத்தரவும் போடுகிறார். தேவனை நம்புகிறவர் பயந்து நடக்க, அந்நிய ராஜா நியாயமாக நடக்கிறார். வேதம் இதை மறைக்கவில்லை. நாமும் பூசி மெழுக வேண்டாம்.

அப்புறம் விதைக்கிறார். பஞ்ச வருஷத்தில் கையிலிருக்கிற விதையை மண்ணில் போடுகிறார். அந்த வறண்ட சீமையில் பத்து மடங்கு வந்தாலே நல்ல வெள்ளாமை. அவருக்கு நூறு மடங்கு வந்தது. ஆடு, மாடு, வேலைக்காரர் எல்லாம் பெருக, அந்த ஊர் ஜனங்களான பெலிஸ்தருக்குப் பொறாமை. ஆபிரகாமின் ஆட்கள் வெட்டின கிணறுகளை மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள்.

நம் வேதாகமத்தில் கிணற்றுக்குத் "துரவு" என்று இருக்கும். சரி, கிணற்றுக்கு வந்துவிட்டோம். இங்கே நான் கொஞ்சம் நிற்பேன், நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயெர்செபா பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழைதான். அதுவும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கோடையில் மழையே கிடையாது. மண்ணோ காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் புழுதி. மழை பட்டதும் மேலே இறுகிப்போகும். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடைக்குப் போய்விடும். ஓடை சில மணி நேரம் வெள்ளமாக ஓடும், மறுபடி காய்ந்துவிடும். ஆனால் ஓடைப் படுகையில், மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் அடியில், தண்ணீர் தங்கும். பள்ளத்தாக்கில் கிணறு வெட்டுவது அதனால்தான். அங்கே வெட்டுவதில் ஒரு தொல்லை உண்டு: மணல் சரியும். வெட்ட வெட்டக் கல் அடுக்கிக் கட்டிக்கொண்டே இறங்க வேண்டும். கட்டவில்லையென்றால் கிணறு ஆளோடு மூடிக்கொள்ளும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கோடையில் ஒரு ஆட்டுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வையுங்கள். 500 ஆடு என்றால் 2,500 லிட்டர். பத்து லிட்டர் பிடிக்கிற தோல் வாளியால் 250 தடவை இறைக்க வேண்டும். மாடுகளுக்கும் மனுஷருக்கும் தனியாக. இறைக்க இறைக்க ஊற வேண்டும். ஊறவில்லையென்றால் பாதி மந்தை தாகத்தோடு நிற்கும்.

இப்போது தூர்த்ததன் கொடுமை புரிகிறதா? திருடினால்கூட யாராவது ஒருவன் குடிப்பான். தூர்த்தால் தூர்த்தவனுக்கும் தண்ணீர் இல்லை. "இங்கே உங்களுக்கு உரிமை இல்லை" என்று சொல்லுவதற்காகவே செய்கிற வேலை அது. அந்த நாட்டில் கிணறு வெட்டினவனுக்கே தண்ணீரில் பாத்தியம். ஆபிரகாம் அபிமெலேக்குக்கு ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைக் கொடுத்து, கிணறு தன்னுடையது என்று சாட்சி வாங்கினது அதற்காகத்தான்.

ஈசாக்கு என்ன செய்தார்? பொறாமை முற்றி, ராஜாவே ஊரை விட்டுப் போகச் சொன்னதும் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போய், அப்பாவின் கிணறுகளை மறுபடியும் தோண்டினார். தூர்ந்த கிணற்றைத் தூர் வாரினவர்களுக்குத் தெரியும், புதுக் கிணறு வெட்டுவதைவிட அது சுலபம் என்று சொல்லவே முடியாது. சரிந்த கல்லை எடுக்க வேண்டும். நாளாய் அடைந்துகிடந்த குழிக்குள் கெட்ட காற்று நிற்கும், இறங்கினவன் மயங்கி விழுவான். வாரி முடித்து, அப்பா வைத்த பேர்களையே அவைகளுக்கு வைத்தார். இன்னொன்றும் பாருங்கள்: அந்தப் பழைய கிணறுகளுக்காக யாரும் சண்டைக்கு வந்ததாக எழுதவில்லை. சண்டை வந்தது புதுக் கிணற்றுக்கு.

பள்ளத்தாக்கில் சுரக்கிற ஊற்று கிடைத்தது. கேரார் மேய்ப்பர்கள் வந்து, தண்ணீர் எங்களுடையது என்றார்கள். அவர்கள் பக்கமும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஒரே படுகையில் இன்னொரு கிணறு இறங்கினால் பக்கத்துக் கிணற்றில் மட்டம் தாழும். கிணற்றுத் தகராறு எப்படி ஆரம்பிக்கும் என்று நேயர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈசாக்கு அதற்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பேர் வைத்து விட்டுவிட்டார். அடுத்ததற்கும் வாக்குவாதம் வந்தது. சித்னா, அதாவது பகை, என்று பேர் வைத்து அதையும் விட்டார். அப்பால் போய் மூன்றாவது வெட்டினார், யாரும் வரவில்லை. அதுதான் ரெகொபோத், அதாவது விசாலமான இடம்.

இதைக் கோழைத்தனம் என்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராஜாவே "நீ எங்களைவிட பலத்தவன்" என்று பயந்துதான் அனுப்பினார். ஆள்பலம் இருந்தும் அடிக்கவில்லை. அதே சமயம், "இந்த ஊரே வேண்டாம்" என்று எகிப்துக்கும் நடையைக் கட்டவில்லை. கிணற்றை விட்டார், தேசத்தை விடவில்லை. கட்டளை "தங்கியிரு" என்பதுதானே? இந்தக் கிணற்றில் தங்கு என்று சொல்லவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாக்குத்தத்தம் கையில் இருக்கிறதே என்று மண்வெட்டியைக் கீழே போடவும் இல்லை. அதையும் மறந்துவிடாதீர்கள்.

கடிகாரம் என்னை அவசரப்படுத்துகிறது. பெயெர்செபா பாக்கி இருக்கிறது. அங்கே போன இரவே கர்த்தர் தரிசனமாகி, பயப்படாதே என்கிறார். மனைவி விஷயத்தில் பயந்தவருக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது. அப்புறம் வசனத்தின் வரிசையைப் பாருங்கள்: முதலில் பலிபீடம், பிறகு கூடாரம், பிறகு கிணறு. இன்று பெயெர்செபாவின் தொல்லியல் மேட்டில், பிற்காலத்து ஊரின் வாசலருகே, 69 மீட்டர் ஆழத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மேடு அது. அந்தப் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு கீழே என்று அதைப் பார்த்தால் விளங்கும்.

துரத்தின அபிமெலேக்கே சிநேகிதன் அகுசாத்தையும் சேனாபதி பிகோலையும் கூட்டிக்கொண்டு உடன்படிக்கைக்கு வருகிறார். ஈசாக்கு "என்னைப் பகைத்தீர்களே" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, விருந்தும் வைக்கிறார். காலையில் ஆணையிட்டுப் பிரிகிறார்கள். அன்றைக்கே வேலைக்காரர் ஓடிவந்து, தண்ணீர் கண்டோம் என்கிறார்கள். மூத்த மகன் ஏசாவின் இரண்டு ஏத்திய மனைவிகளால் வீட்டுக்குள் வந்த மனநோவு அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனத்தில் இருக்கிறது, அதற்கு இன்று நேரமில்லை. 26-ஆம் அதிகாரத்தை இன்றிரவு ஒரு தரம் நிதானமாக வாசியுங்கள். வணக்கம்.