ஒரு நாள் இடைவெளி, பதினைந்து நிமிட நடை, இரண்டு வரலாறுகள்: நம் பள்ளிப் பாடம் நடுநிலையானதா?

[காட்சி: சிங்கப்பூர், ஃபேரர் பார்க். பின்னால் ரேஸ் கோர்ஸ் சாலை.]

வணக்கம். 1942 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. நான் நிற்கும் இந்த வட்டாரத்தில் அன்று ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் திரட்டப்பட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார். கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய விடுதலைக்கு ஒரு படை வேண்டும், யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். கைகள் உயர்ந்தன. இந்திய தேசிய ராணுவத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

மறுநாள், பிப்ரவரி 18. அதே ஜப்பானிய ராணுவம் சூக் சிங் நடவடிக்கையைத் தொடங்கியது. சீன ஆண்களைச் சோதனை மையங்களுக்கு வரச்சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள். சிலருக்குச் சோதனை முடிந்தது என்ற முத்திரை கிடைத்தது. மற்றவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு, சாங்கி, பொங்கோல் கடற்கரைகளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சோதனை மையங்களில் ஒன்று ஜாலான் புசார். இங்கிருந்து பதினைந்து நிமிட நடை.

ஒரே ராணுவம், ஒரே வாரம், ஒரே பேட்டை. ஒருவருக்கு விடுதலையின் நம்பிக்கை, மற்றவருக்கு மரண ஓலை. இப்போது சொல்லுங்கள், உங்கள் பள்ளிப் புத்தகத்தில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வந்தனவா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை கீழே எழுதிவிட்டுத் தொடருங்கள். பதில்களை நான் உண்மையாகவே படிக்கிறேன்.

[காட்சி: பாடப்புத்தகப் பக்கங்கள் வேகமாகப் புரள்கின்றன.]

பின்னணியை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறேன். உயர்நிலை ஒன்று, இரண்டில் மாணவர்கள் சிங்கப்பூர் வரலாறு படிக்கிறார்கள். அதற்கு மேல் விரும்பியவர்கள் படிக்கலாம். இளையர்களுக்கு நாட்டின் கதை தெரியவில்லை என்ற கவலையில் 1997இல் அரசாங்கம் தேசியக் கல்வியைத் தொடங்கியது. 1980களில் படித்தவர்களுக்கு இந்தத் தீவின் கதை 1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் கரையிறங்கியதும் தொடங்கியது. 2014இல் வந்த புத்தகம் 1300இலிருந்து தொடங்கியது. ஃபோர்ட் கேனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்ஸிக் மண்ணைத் தோண்டி 14ஆம் நூற்றாண்டுப் பொருள்களை எடுத்தது 1984 ஜனவரியில். மண்ணிலிருந்து வெளிவந்த அந்தச் செய்தி பாடப்புத்தகத்தின் தொடக்க ஆண்டை மாற்றுவதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன! பின்னணி போதும்.

[காட்சி: எஸ்பிளனேட் பூங்கா, கடலோர நடைபாதை.]

இப்போது நான் மிகவும் காட்ட விரும்பிய இடத்துக்கு வந்திருக்கிறோம். எஸ்பிளனேட் பூங்காவுக்கு வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தயவுசெய்து ஒரு முறை என்னோடு நடந்து பாருங்கள். ஒரு போரைப் பற்றி இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை விதமாகப் பேசும் வேறொரு பூங்காவை நான் பார்த்ததில்லை.

முதலில் லிம் போ செங் நினைவுச்சின்னம். எண்கோண வடிவம், சுற்றிலும் நான்கு வெண்கலச் சிங்கங்கள். பிரிட்டனின் இரகசியப் போர்ப்பிரிவான 136ஆம் படையில் இருந்து ஜப்பானியரை எதிர்த்தவர், பிடிபட்டு 1944 ஜூன் 29இல் பத்து காஜா சிறையில் இறந்தவர். அவர் வாழ்க்கை வரலாறு நான்கு மொழிப் பலகைகளில் இருக்கிறது. தமிழும் உண்டு. குனிந்து படியுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து சற்று நடந்தால், விரித்துவைத்த புத்தகம் போன்ற ஒரு சிறிய கல். பெரும்பாலோர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். 1945 ஜூலை 8இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் தியாகிகளுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப இங்கே அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. நேசநாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் உத்தரவில் அந்தச் சின்னத்தைத் தகர்த்தார்கள். இரண்டு மாதங்கள்கூட அது முழுதாக நிற்கவில்லை. இந்த இடத்தை அடையாளம் காட்டும் கல், போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல்தான் வந்தது.

கவனித்தீர்களா? ஜப்பானை எதிர்த்து உயிர்விட்டவருக்கும், ஜப்பானோடு கைகோத்துப் பிரிட்டனை எதிர்த்தவர்களுக்கும் ஒரே பூங்காவில் இடம். இருவரையும் தியாகி என்று போற்றுகிறவர்கள் இதே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள்.

சாலையைக் கடந்தால் மூன்றாவது கதை. வானத்தை நோக்கி நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்கள், குடிமக்கள் போர் நினைவுச்சின்னம். 1962இல் சிக்லாப் பகுதியில் மனித எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டபோது, கொல்லப்பட்ட சீனர்களுக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று சீன வர்த்தகச் சபை முன்வந்தது. மாண்ட குடிமக்கள் எல்லாருக்குமாக அது இருக்கட்டும் என்று லீ குவான் இயூ அரசு நிலம் ஒதுக்கியது. 1967 பிப்ரவரி 15இல் திறந்தார்கள். நான்கு இனங்களுக்கு நான்கு தூண்கள், நான்கும் ஒரே உயரம்.

நம் பாடப்புத்தகம் எழுதப்பட்டிருப்பதும் இந்த நான்கு தூண்களின் முறையில்தான் என்பது என் கருத்து. எல்லாரும் சேர்ந்து துன்பப்பட்டோம், எல்லாரும் சேர்ந்து மீண்டோம். ஜப்பானியர் ஊருக்கு வைத்த சியோனான் என்ற பெயர், மரவள்ளிக்கிழங்கு, வாழைமர நோட்டு என்ற ஜப்பானியப் பணம், கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ். இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. புதிதாகப் பிறந்த நாட்டுக்கு அப்படி ஒரு கதை தேவைப்பட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சூக் சிங்கில் மாண்டவர் எண்ணிக்கை ஜப்பானியத் தரப்புக் கணக்கில் 5,000 அளவு, சீனச் சமூகத்தின் கணக்கில் 50,000 வரை. புக்கிட் சண்டு குன்றில் மலாய்ப் படைப்பிரிவினர் ஜப்பானியரை எதிர்த்துக் கடைசிவரை போராடி மடிந்தார்கள். ஃபேரர் பார்க்கில் கை உயர்த்திய சிப்பாய்களும் உண்டு, மறுத்துக் கைதியாகவே இருந்து நியூ கினிவரை அனுப்பப்பட்டு மாண்ட சிப்பாய்களும் உண்டு. துன்பம் ஒரே உயரத்தில் வரவில்லை. சமமில்லாத ஒன்றைச் சமமாக அடுக்கிக் காட்டுவதற்கு நடுநிலை என்று பெயர் சூட்டக் கூடாது.

[காட்சி: தேர்வுத்தாள், சிவப்பு மை.]

"நம் மாணவர்கள் மனப்பாடம் செய்வதில்லையே, ஆதாரக் கேள்விகளுக்கு அல்லவா பதில் எழுதுகிறார்கள்?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். சாதாரண நிலைத் தேர்வில் ஒரு கேலிச்சித்திரமோ கடிதமோ செய்தித்தாள் துண்டோ கொடுத்து, இதை யார், யாருக்காக, எதற்காகச் செய்தார்கள், எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறார்கள். பதினைந்து வயதில் இப்படி ஒரு பயிற்சி கிடைப்பது பெரிய பேறு. இதை முழு மனத்தோடு பாராட்டுகிறேன்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். துணைப்பாட வகுப்புகளில் இதை வாய்பாடாக்கிவிட்டார்கள். சியோனான் காலச் செய்தித்தாளா? ஜப்பானியர் நடத்தியது, ஆகவே பிரசாரம், ஆகவே நம்ப முடியாது, எழுது, மதிப்பெண் வாங்கு. பிரசாரத் தாளிலும் அரிசி விலை இருக்கும், எந்தத் தெருவில் எந்தக் கடை திறந்தது என்று இருக்கும். அதைத் தேடிப் பார்க்க நேரமில்லை. அதோடு, சோதனைக்கு உட்படாத ஒரே ஆதாரமாகப் பாடப்புத்தகம் இருந்துவிடுகிறது. 1980களின் புத்தகத்தையும் 2014இன் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவற்றை யார், யாருக்காக, எதற்காக எழுதினார்கள் என்று ஒரு வகுப்பு கேட்கட்டும். அந்த ஒரு பாடவேளை பத்துப் பயிற்சித்தாள்களுக்குச் சமம்.

இலங்கைப் பாடம் நினைவிருக்கிறதா? சமூகக் கல்வியில் பல ஆண்டுகள் இருந்தது, வட அயர்லாந்தோடு சேர்த்து. குடியுரிமை, 1956இன் சிங்கள மொழிச் சட்டம், பல்கலைக்கழக அனுமதி, குடியேற்றம் என்று இன மோதலுக்கு நான்கு காரணங்கள். இன நல்லிணக்கம் குலைந்தால் என்ன ஆகும் என்று காட்ட அந்தப் பாடம் வைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வேர் உள்ள குடும்பத்துப் பிள்ளையும் அந்த நான்கைத்தான் வரிசைப்படுத்தி எழுதியது. எதற்காகக் கற்பிக்கிறோம் என்பது முடிவான பிறகு, எதைக் கற்பிப்பது என்பதும் அதோடு முடிவாகிவிடுகிறது.

[காட்சி: காஞ்சனபுரி, கல்லறை வரிசைகள்.]

கடைசியாக, என்னை மிகவும் வாட்டும் விஷயம். சயாம் மரண ரயில். போரின்போது தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட ரயில் பாதை. 415 கிலோமீட்டர். கட்டும்போது இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கிறார்கள், பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயர்க்கல் இல்லை, ஏனென்றால் பெயர்ப்பட்டியலே இல்லை. சிப்பாய்க்குப் படை எண் இருந்தது, நாட்குறிப்பு எழுதினான், மறைவாகப் படம் வரைந்தான். அவை தேர்வுத்தாளில் ஆதாரங்களாக வருகின்றன. தோட்டத் தொழிலாளி எழுதவில்லை. ஆகவே எவ்வளவு நேர்மையான ஆசிரியர் கேள்வித்தாள் தயாரித்தாலும் அவன் அதில் வர மாட்டான். பாடத்தின் சாய்வு வகுப்பறைக்கு வருவதற்கு முன்பே, ஆவணப் பெட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

இதில் நம்மால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று மையம் ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிப் பலரிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறது. தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடலாம். உங்கள் வீட்டில் "அப்பா ரயில் போடப் போனார், திரும்பவில்லை" என்று சொல்லும் பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால், இந்த வாரமே கைப்பேசியை முன்னால் வைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், கங்காணி பெயர் என்ன, எந்த ஊரில் ரயில் ஏற்றினார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். ஆசிரியர்கள் இதைப் பார்க்கிறீர்கள் என்றால், உயர்நிலை இரண்டு வகுப்பில் அப்படி ஒரு பதிவை ஆதாரமாகக் கொடுத்துப் பாருங்கள், மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த வீடியோ 1915 பிப்ரவரி 15, அலெக்சாண்ட்ரா முகாமில் இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிய நாள். அதைப் பற்றி உங்கள் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை இப்போதே கீழே எழுதிவையுங்கள்.