எத்தனை ஜி, எந்தப் பக்கம்?

அன்பான நேயர்களே, வணக்கம். காலி வீதியில் பஸ்ஸில் நின்றபடி போகிறீர்கள். சாரதி சட்டென்று பிரேக் அடிக்கிறார். முன்னால் நிற்பவரின் முதுகில் போய் மோதுகிறீர்கள். அந்த உலுக்கல் ஒரு ஜிகூட இல்லை. ஒரு ஜி என்றால் நம் உடம்பின் எடையளவு விசை, அவ்வளவுதான்.

இனி 1983 செப்டெம்பர் 26, பைக்கனூர் ஏவுதளம். சோயுஸ் என்ற சோவியத் ரொக்கெட்டின் உச்சியில் விண்வெளி வீரர்கள் விளாடிமிர் தித்தோவும் கென்னாதி ஸ்ட்ரெக்காலோவும் காத்திருக்கிறார்கள். புறப்பட ஒன்றரை நிமிடம் இருக்கையில் அடியில் தீப்பிடித்துவிட்டது. ஜன்னல்களை உறை மூடியிருந்ததால் அவர்களுக்குத் தீ தெரியவில்லை. தப்பிக்கும் கருவியை இயக்க வேண்டிய கம்பிகளும் எரிந்து போயின. கடைசியில் தரையிலிருந்து வானொலி அலையில்தான் கட்டளை அனுப்பினார்கள். வானொலியில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்!

உச்சியில் இருந்த அந்தக் கருவியின் மோட்டார்கள் எரியத் தொடங்கி, அவர்கள் இருந்த கலத்தைப் பிய்த்தெடுத்துக்கொண்டு பாய்ந்தன. அடுத்த சில செக்கன்களில் கீழே ரொக்கெட் வெடித்தது. மேலே போனவர்களுக்கு 14 முதல் 17 ஜி, ஏறக்குறைய 5 செக்கன். 70 கிலோ ஆள் ஆயிரம் கிலோ கனக்கிறார், யோசித்துப் பாருங்கள். சுமார் 4 கிலோமீற்றர் தள்ளி பாராசூட்டில் இறங்கினார்கள். உடம்பெல்லாம் கன்றல், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அதே தித்தோவ் பிறகு மீர் என்ற விண்வெளி நிலையத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தார்.

எப்படித் தாங்கினார்கள்? போகிற இடமெல்லாம் நான் சொல்வது இதுதான்: எத்தனை ஜி என்பதோடு, எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள். சோயுஸில் மல்லாந்து, முழங்காலை மடித்துப் படுத்திருப்பார்கள். இருக்கையின் உட்பகுதி அவரவர் உடம்புக்கு அச்செடுத்து வார்த்தது. விசை மார்புக்கும் முதுகுக்கும் இடையில் அழுத்துகிறது, மூச்சுவிடுவதுதான் பெரும்பாடு. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும். 5 ஜியிலேயே பலருக்குக் கண் இருண்டுவிடும். ஆகவே திரும்பவும் சொல்கிறேன், எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

1975இல் வேறொரு சோயுஸில் போன லாஸரெவ், மக்காரொவ் இருவரும் பாதிவழியில் திரும்பி விழுந்தபோது 21 ஜியைத் தாண்டியது. அவர்களும் பிழைத்தார்கள். அது நீண்ட கதை. கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார்.

சரி, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானைப் பற்றி ஒரே வரி. 2023 ஒக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் இதே மாதிரித் தப்பிக்கும் கருவியைச் சோதித்தார்கள். கலம் வங்காள விரிகுடாவில் பத்திரமாக இறங்கியது, ஆனால் தலைகீழாக மிதந்தது. ஏன் என்பதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.