சுடாமல் நின்ற இருவர்: நெவாடாவின் மேரியும் கேரியும்

நண்பர்களே, வணக்கம். கௌபாய் படங்களில் நிலத்தகராறு வந்தால் கடைசிக் காட்சியில் நடுத்தெருவில் சுட்டுத் தீர்த்துக்கொள்வார்கள், பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே மேற்கு அமெரிக்காவில், நம் காலத்தில், முப்பது வருடத்துக்கும் மேல் இழுத்த ஒரு நிலத்தகராறைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதில் முன்னால் நின்றவர்களே இரண்டு பெண்கள்.

அக்கா மேரி டான், தங்கை கேரி டான். மேற்கு ஷோஷோனி பழங்குடியினர். நெவாடா மாநிலத்தின் கிரெசன்ட் பள்ளத்தாக்கில் மாடும் குதிரையும் வளர்த்தார்கள். வேலி கட்டுவது, குதிரை பழக்குவது என்று பண்ணை வேலை எல்லாம் அவர்கள் கைதான். மேரி அதிகம் பேசமாட்டார், கேரி யாரிடமும் பேசாமல் விடமாட்டார்.

1974இல் அமெரிக்க அரசு இவர்கள்மேல் வழக்குப் போட்டது. அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் மாடு மேய்க்கிறீர்கள், இது அத்துமீறல் என்றது. சகோதரிகள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: இது எப்போது உங்கள் நிலமானது? 1863இல் ரூபி பள்ளத்தாக்கில் போட்ட ஒப்பந்தத்தில் ஷோஷோனிகள் பயணிகளுக்கு வழிவிடவும் ரயில் பாதை போடவும் சுரங்கம் தோண்டவும் சம்மதித்தார்களே தவிர, நிலத்தை எழுதிக்கொடுக்கவில்லை.

அரசு சொன்ன பதிலை நிதானமாகக் கேளுங்கள். வெள்ளையர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து குடியேறியதிலேயே உங்கள் உரிமை போய்விட்டது என்று பழங்குடியினர் கோரிக்கைகளை விசாரித்த ஆணையம் 1962இல் முடிவுகட்டியது. போர் இல்லை, விற்பனை இல்லை, கையெழுத்து இல்லை. அப்புறம் 1872ஆம் ஆண்டு விலையைப் போட்டு, சுமார் 2.6 கோடி டாலரை 1979இல் அரசுக் கருவூலத்திலேயே அவர்கள் பெயரில் ஒரு கணக்கில் வைத்தார்கள். ஷோஷோனிகள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. ஆனால் 1985இல் உச்ச நீதிமன்றம், பணம் கருவூலத்துக்கு வந்தபோதே கொடுத்து முடித்தாகிவிட்டது, உங்கள் காப்பாளர் என்ற முறையில் அரசே உங்களுக்காக அதைப் பெற்றுக்கொண்டது என்றது! கொடுத்ததும் அரசு, வாங்கியதும் அரசு. எந்தத் துப்பாக்கிச் சண்டையிலும் இவ்வளவு கொடுமையை நான் பார்த்ததில்லை.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது அதற்குப் பிறகு நடந்ததுதான். இனத்தின் உரிமை போனாலும், டான் குடும்பம் காலங்காலமாக மேய்த்த இடத்தில் தனிப்பட்ட உரிமை கேட்க நீதிமன்றம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்த வழியில் போயிருந்தால் கொஞ்சம் மாடுகளோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். இருவரும் அந்தத் தனி உரிமையைக் கைவிட்டார்கள். நிலம் எங்கள் எல்லாருக்கும் சேர்ந்தது, எங்கள் இருவருக்கு மட்டும் வேண்டாம் என்று நின்றார்கள். அக்கா தங்கை என்பது பிறப்பால் வருவது, ஆனால் இப்படி ஒரு முடிவில் ஒருவரை ஒருவர் தாங்கி நிற்பதை நான் நட்பு என்றுதான் சொல்வேன். சொத்து என்றதும் கூடப்பிறந்தவர்கள் எதிரெதிரே நிற்கும் கதைகள்தான் நிறைய. இவர்கள் ஒரே பக்கம் நின்றார்கள்.

அதற்குக் கொடுத்த விலையும் பெரியது. 1992இல் மாடுகளைப் பிடிக்க வந்தபோது அவர்களின் சகோதரர் கிளிஃபர்ட் தன்மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு தடுக்கப் பார்த்தார், சிறைக்குப் போனார். 2002இல் இருநூறுக்கும் மேற்பட்ட மாடுகளை அரசு ஓட்டிக்கொண்டு போய் ஏலம் விட்டது. அதே ஆண்டு, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டது என்று அறிவித்தது, அரசு ஏற்கவில்லை. 2005இல் பண்ணையில் வேலி சரிசெய்துகொண்டிருந்தபோது வண்டி விபத்தில் மேரி இறந்துபோனார்.

கேரி நிறுத்தவில்லை. ஷோஷோனிகள் புனிதமாக நினைக்கும் டெனாபோ மலையில் பெரிய தங்கச் சுரங்கம் வந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய நிலையில் அதையும் எதிர்த்துப் போராடினார். 2021இல் அவர் இறக்கும்வரை அந்தப் பண்ணையை விட்டு யாராலும் அவரைக் கிளப்ப முடியவில்லை.