போராட்டக்காரர் மீது அரசின் கை: இங்கிலாந்தும் அமெரிக்காவும்

[திரையில்: லண்டன் நாடாளுமன்றச் சதுக்கம், 2009 ஏப்ரல்]

வணக்கம். வன்னியில் போர் உச்சத்தில் இருந்த 2009 ஏப்ரல் 6 அன்று, லண்டன்வாழ் தமிழர்கள் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு எதிரே திரண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்தார்கள். அந்த வட்டாரத்தில் ஆர்ப்பாட்டம் நடத்துவதற்குக் காவல் துறையின் முன்அனுமதி வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தும், அனுமதியின்றித் தொடங்கிய அந்தப் போராட்டம் ஜூன் மாதம் வரை நீடித்தது. தள்ளுமுள்ளு நடந்தது; கண்ணீர்ப்புகையோ ரப்பர் தோட்டாவோ பாயவில்லை. ஆனால் புலிக்கொடி ஏந்தியவர்களைக் காவலர்கள் எச்சரித்தார்கள். தடை செய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்ற நியாயமான ஐயம் எழும் வகையில் ஒரு பொருளைப் பொது இடத்தில் காட்டுவதையே 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் குற்றமாக்குகிறது.

விடுதலைப் புலிகளை அமெரிக்காவும் தடை செய்திருந்தது. அந்தத் தடை சார்ந்த வழக்கு ஒன்றில் 2010இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், அத்தகைய அமைப்புகளோடு சேர்ந்து இயங்கி அவற்றுக்குப் பயிற்சியோ ஆலோசனையோ வழங்குவது குற்றம் என்றது. ஆயினும் ஒருவர் தாமாகவே அந்த அமைப்பை ஆதரித்துப் பேசுவதையும் எழுதுவதையும் சட்டம் தடுக்கவில்லை என்று அதே தீர்ப்பில் தெளிவுபடுத்தியது.

இந்த வேறுபாட்டின் வேர் ஆழமானது. அமெரிக்கர்கள் அரசை நம்பாமல் தங்கள் சொல்லுரிமையை 1791இலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்களோ சொல்லின் எல்லையை நாடாளுமன்றத்திடமும் காவல் அதிகாரியின் விவேகத்திடமும் விட்டுவிட்டார்கள். அதன் விளைவாக, அமெரிக்கப் போராட்டக்காரரின் சொல்லுக்குப் பாதுகாப்பு அதிகம், உடலுக்குக் குறைவு. இங்கிலாந்தில் இந்தக் கணக்கு தலைகீழ்.

[திரையில்: கேபிள் தெரு, கிழக்கு லண்டன், 1936]

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். 1936 அக்டோபர் 4 அன்று பிரித்தானிய பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டையினர் யூதர்கள் மிகுந்த கிழக்கு லண்டனுக்குள் ஊர்வலம் போக முயன்றபோது, பகுதி மக்கள் கேபிள் தெருவில் தடுப்புகளை எழுப்பி அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் அரசியல் சீருடைகளைத் தடை செய்து, ஊர்வலங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் சட்டமாக்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் பலர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற சிகாகோ புறநகரில் நவநாஜிகள் சீருடையோடு ஊர்வலம் போக விரும்பினார்கள். ஸ்வஸ்திகாவைக் காட்டுவதும் பாதுகாக்கப்பட்ட பேச்சே என்று 1978இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் கூறியது. கடைசியில் அவர்கள் ஸ்கோக்கிக்குப் போகாமல் சிகாகோவிலேயே கூடினார்கள். உரிமை மட்டும் நிலைத்தது.

இனி உடல். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து ராபர்ட் பீல் லண்டன் காவல் துறையைத் தொடங்கியபோது, செஞ்சட்டைப் படைவீரர்களிலிருந்து வேறுபட்டுத் தெரியும்படி காவலர்களுக்கு நீலச் சீருடை தரப்பட்டது. கையில் தடி மட்டும். மக்களின் இசைவோடு காவல் என்ற கொள்கை அங்கிருந்து வளர்ந்தது. இன்றும் இங்கிலாந்தின் பெரும்பாலான காவலர்கள் துப்பாக்கி ஏந்துவதில்லை. 1981இல் லிவர்பூலின் டாக்ஸ்டெத் கலவரத்தில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது பிரித்தானிய மண்ணில் அரிய விதிவிலக்கு. 2014இல் லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் ஜெர்மனியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் வண்டிகள் மூன்றை வாங்கியபோது, உள்துறை அமைச்சர் தெரசா மே அவற்றைப் பயன்படுத்த அனுமதி மறுத்தார். அவை இறுதியில் பழைய இரும்புக்குப் போயின.

இந்தக் கட்டுப்பாட்டை ஆங்கிலேயர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஐரிஷ் கடலைத் தாண்டினால் அது பொருந்தாது என்பதை நான் சேர்த்தே சொல்ல வேண்டும். வட அயர்லாந்தில் அதே அரசின் ரப்பர், பிளாஸ்டிக் தோட்டாக்கள் குழந்தைகளையும் கொன்றன. லண்டனிலேயே 2001 மே 1 அன்று ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் சந்திப்பில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆயிரக்கணக்கானோரைக் காவலர்கள் வளைத்து நிறுத்தினார்கள். குளிரும் மழையும், கழிப்பிடம் இல்லை. கைக்குழந்தையை அழைத்துவரப் போக வேண்டும் என்று கேட்ட ஒரு தாய்க்கும் வழி விடப்படவில்லை. அது சுதந்திரப் பறிப்பு ஆகாது என்று 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்கூடக் கூறிவிட்டது. இந்தத் தீர்ப்பு தவறு என்றே நான் கருதுகிறேன்.

[திரையில்: கென்ட் மாநிலப் பல்கலைக்கழகம், ஓஹையோ, 1970 மே 4]

அமெரிக்காவில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் திரண்டபோது, ஓஹையோவின் தேசியக் காவற்படையினர் (வழக்கமாக மாநில ஆளுநரின் கீழ் இயங்கும் படை) 13 நொடிகள் சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் மிக அருகில் இருந்தவரே ஏறத்தாழ 80 மீட்டர் தொலைவில் நின்றார்; இருவர் போராட்டத்திலேயே இல்லை. சுட்டவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. பின்னர் எடுத்த கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் மாணவர்களையே குறைகூறினார்கள் என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. அரசை நம்பாத அதே மக்கள், தெருவில் ஒழுங்கு குலைகிறது என்ற அச்சம் வந்ததும் துப்பாக்கியின் பக்கம் சாய்ந்தார்கள்.

காவல் துறைக்கு யார் ஆணையிடுவது என்பதிலும் வழி பிரிகிறது. 2023 நவம்பர் 11 அன்று பாலஸ்தீன ஆதரவுப் பேரணி நடக்கவிருந்தபோது, அதைத் தடை செய்யும்படி அமைச்சர்கள் கொடுத்த நெருக்கடிக்கு லண்டன் காவல் ஆணையர் மார்க் ரவுலி இணங்கவில்லை. தடைக்குச் சட்டம் கேட்கும் அளவு ஆபத்து இருப்பதற்கான ஆதாரம் இல்லை என்றார். பேரணி நடந்தது. காவல் துறை பாரபட்சம் காட்டுவதாக எழுதிய உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் இரண்டு நாள் கழித்துப் பதவி இழந்தார். அமெரிக்காவிலோ, குடியேற்றச் சோதனைகளுக்கு எதிராக 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் தெருவுக்கு வந்தபோது, கலிஃபோர்னியா ஆளுநர் எதிர்த்தும் அதிபர் டிரம்ப் தேசியக் காவற்படையையும் மரைன் படை வீரர்களையும் அனுப்பினார். ஆளுநர் கேட்காமலே ஓர் அதிபர் அந்தப் படையைத் தம்வசம் எடுத்தது அதற்கு முன் 1965இல்; அப்போது கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மா நகரிலிருந்து நடந்த ஊர்வலத்தினரைக் காப்பதற்காக.

இங்கிலாந்தில் பழைய கட்டுப்பாடு இப்போது வேறு வழியில் கரைகிறது. தடி உயரவில்லை, தண்டனை உயர்கிறது. 2022, 2023 ஆண்டுகளின் சட்டங்கள் போராட்டத்தில் உடலை ஒரு பொருளோடோ இன்னொருவரோடோ பிணைத்துக்கொள்வதையும் சாலை மறியலையும் கடுமையான குற்றங்களாக்கின. மன்னர் சார்லஸ் முடிசூட்டப்பட்ட 2023 மே 6 அன்று, காவல் துறையிடம் முன்பே பேசி ஏற்பாடு செய்திருந்த முடியாட்சி எதிர்ப்பாளர்கள், பதாகைகளைக் கட்டி வைத்திருந்த பட்டைகள் உடலைப் பிணைக்கும் கருவிகள் என்ற ஐயத்தில் கைது செய்யப்பட்டார்கள். பிறகு காவல் துறை வருத்தம் தெரிவித்தது. ஊர்வலத்தைக் கட்டுப்படுத்த 'கடும் இடையூறு' வேண்டும் என்ற அளவுகோலை, சிறு இடையூறுக்குச் சற்று மேலானாலே போதும் என்று பிரேவர்மன் அமைச்சர் விதியாகத் தளர்த்தினார். 2024இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. அமைச்சர் போட்ட விதி என்பதால்தான் நீதிபதிகளால் அதைத் தொட முடிந்தது. நாடாளுமன்றமே அந்த வாசகத்தைச் சட்டமாக்கியிருந்தால், மனித உரிமைகளோடு முரண்படுகிறது என்று அறிவிப்பதற்கு மேல் அவர்களால் எதுவும் செய்திருக்க முடியாது.