ஒயிட்னர் பூசிய வாக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஆள்பவர்களின் கையிலிருந்து தேர்தலைக் காப்பது மக்கள் போராட்டமா, நீதிமன்றமா? எதிரணித் தலைவர் ஆப்பிரிக்காவின் மலாவியைக் காட்டி, வீதியில் இறங்கிய மக்களே அங்கே தேர்தலை மீட்டார்கள் என்றார். அதே மலாவியைத்தான் நானும் எடுத்துக்கொள்கிறேன்.

2019 மே 21 அன்று தேர்தல். அதிபர் பீட்டர் முத்தாரிக்காவுக்கு 38.57 சதவீதம், எதிர்க்கட்சித் தலைவர் லாசரஸ் சக்வேராவுக்கு 35.41 சதவீதம் என்றது ஆணையம். வாக்கு எண்ணிக்கைத் தாள்களிலோ ஒயிட்னர்! எழுதிய எண்ணை அழித்து, அதன்மேல் வேறு எண். மக்கள் கொதித்தார்கள், மாதக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அந்தத் துணிவை வணங்குகிறேன். ஆனால் அத்தனை மாதமும் முத்தாரிக்கா பதவியில்தானே இருந்தார்?

2020 பிப்ரவரி 3 அன்றுதான் நிலைமை மாறியது. அன்று தேர்தல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொல்ல எப்படி வந்தார்கள் தெரியுமா? ராணுவப் பாதுகாப்போடு, குண்டு துளைக்காத அங்கி அணிந்து வந்தார்கள். அதற்கு முன்பே லஞ்சத்தோடு அவர்களை நெருங்கப் பார்த்தார் ஒரு வங்கி அதிபர். நீதிபதிகள் தலைமை நீதிபதியிடம் புகார் செய்தார்கள். பின்னாளில் அந்த வங்கி அதிபர் தண்டிக்கப்பட்டார். ஏறத்தாழ பத்து மணி நேரம் தீர்ப்பை வாசித்தார்கள். நாடே வானொலி முன் உட்கார்ந்து கேட்டது. தேர்தல் ரத்து. இனிப் பாதிக்கு மேல் வாக்குப் பெறுபவரே அதிபர்.

மோசடி என்று வீதி முழங்கலாம். எந்தத் தாளில், எந்த எண்ணை, யார் திருத்தினார் என்று ஆணையத்தைக் கூண்டில் ஏற்றிக் கேட்க நீதிமன்றம்தானே வேண்டும்?

இது அரசுக்கும் தெரிந்திருந்தது. மறுதேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, தலைமை நீதிபதி ஆண்ட்ரூ நியிரெண்டாவை விடுப்பில் போகச் சொன்னது. வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு வீதிக்கு வந்தார்கள். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. "அதுவும் ஊர்வலம்தானே?" என்று எதிரணி கேட்கும். ஆம் ஐயா, நீதிமன்றத்தைக் காப்பாற்ற நடந்த ஊர்வலம்! எது போனால் எல்லாம் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் 23 மறுதேர்தலில் சக்வேரா வென்றார். சக்வேராவுக்காக எழுதிய தீர்ப்பு என்று சிலர் அன்று பேசினார்கள். 2025 செப்டம்பரில் என்ன நடந்தது? அதே பாதிக்கு மேல் விதியின் கீழ், 56 சதவீதத்துக்கு மேல் பெற்று முத்தாரிக்கா திரும்பி வந்தார். அதிபராக இருந்த சக்வேரா தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆள் பார்த்து எழுதிய தீர்ப்பு என்றால் இது எப்படி நடந்திருக்கும்? அதற்கு எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.