பம்ப் பிடிக்கத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்

(யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நேரத்துக்கு வந்து எங்களை வெட்கப்பட வைத்த பிரதேச செயலாளர் அவர்களே, பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் தவிசாளர் அவர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களே, விளக்கேற்றிய அதிபர் அம்மா அவர்களே, அம்புலன்ஸ் தம்பிமாரே, தீயணைப்புப் பிரிவுப் பிள்ளைகளே, முதலுதவித் தொண்டர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் விட்டுப்போன ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். ஆபத்து என்றால் முதலில் ஓடி வருகிறவர்களுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா பற்றிப் பாடம் ஏன் வேண்டும், அதை ஃபோனில் எப்படி நடத்தலாம், செலவை யார் பார்ப்பது.

2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்தபோது 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தப்பியவர்களும் பிறகு வந்து இடிபாடு கிளறியவர்களும் சீமெந்துத் தூசியைச் சுவாசித்தார்கள். அவர்களில் பலருக்குத் தொய்வு வந்தது. அதற்கு மருத்துவம் பார்க்க அங்கே இன்றைக்கும் தனித் திட்டமே நடக்கிறது. ஓடி வருகிறவனுக்கும் நெஞ்சு இருக்கிறது, ஐயா.

தொய்வைத்தான் நாங்கள் முட்டு, இழுப்பு என்று சொல்வது. காற்றுக் குழாயின் உள்பக்கம் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகுவதுதான் அது. அதற்கு வாயில் வைத்து மூச்சோடு இழுக்கும் மருந்துதான் பம்ப். நீலப் பம்ப் தசையைத் தளர்த்தும். வீக்கத்தை ஆற்றுவது மண்ணிறப் பம்ப். அதை நாளாந்தம் எடுக்கவேண்டும். நாங்களோ சுகம் என்றதும் அலுமாரிக்குள் வைத்துவிடுவோம். இரவில் இருமல், படியேறினால் இளைப்பு, நீலப் பம்ப் வழமையைவிடக் கெதியாய் முடிகிறது. இதெல்லாம் வந்தால் உள்ளே வீக்கம் இருக்கிறது. நெருப்பில்லாமல் புகையாது.

என் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் விடியப்புறம் நாலரை மணிக்கு எனக்கு முட்டு. வசனம் முடிக்க முடியவில்லை. பக்கத்து ஒழுங்கைத் தொண்டர் தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். வந்தவனுக்கே மூச்சு விசில் அடிக்கிறது! சட்டைப் பையிலிருந்து நீலப் பம்ப் ஒன்றை எடுத்து, தன் வாயை ஆவென்று திறந்து, கோயில் ஐயர் தீர்த்தம் தெளிப்பது மாதிரித் தூரத்தில் பிடித்து இரண்டு தரம் அடித்தான். மருந்து முழுக்க மீசைக்குப் போனது. “சேர், எனக்கும் இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, வேலைக்குக் கூப்பிடமாட்டினம்” என்றான்.

என் மனைவி ரொறன்ரோவில் மருத்துவத் தாதியாக இருக்கும் பேத்தியை வாட்சப்பில் பிடித்தா. “அம்மப்பா, கமராவைக் கீழே இறக்குங்கோ, நெற்றிதான் தெரியுது” என்றாள் பிள்ளை. பிறகு வகுப்பு. பம்ப்பைக் குலுக்கு, மூச்சை வெளியே விடு, வாயால் இறுக்கிப் பிடி, அமத்தும்போதே மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை அடக்கு. “அந்தத் தம்பியும் செய்து காட்டட்டும்” என்றாள். செய்தான். “பிழை, திரும்ப” என்றாள். மூன்றாம் தரம் சரி. பதினொரு வருடம் நானும் பிழையாகத்தான் அடித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன் நான்!

முட்டு குறையாவிட்டால் அங்கேயே நிற்காமல் 1990க்கு அடியுங்கள் என்று அவள் அப்போதே சொன்னாள். அந்த அம்புலன்ஸ் சேவை 2018இல்தான் எங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஆனால் நெடுந்தீவில் இருப்பவருக்குக் குறிகட்டுவானுக்கு வரவே படகில் ஒரு மணித்தியாலம். அங்குள்ள தொண்டருக்கு வீடியோவில்தான் படிப்பிக்கவேண்டும். அவர் அடிக்கிற கையைப் பார்த்துத் திருத்தவேண்டும். காகிதத்தில் படம் கொடுத்தால் தலை ஆட்டுவார், அவ்வளவுதான். பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் பிடிக்கிற ஸ்பேசர் குழாய் இல்லையென்றால் அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்ப்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுச் செருகலாம். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கடை ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்கிறது என்று 1999இல் எழுதியிருக்கிறார்கள்.

சரி, அன்று எனக்கு ஏன் முட்டு வந்தது? பக்கத்து வளவில் மாஞ்சருகோடு ஷொப்பிங் பையையும் சேர்த்து எரித்திருந்தார்கள். இதை நான் பேசாத மேடை இல்லை என்று பின்னால் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். விடிந்தால் ஒழுங்கைக்கு ஒரு குப்பைக் கும்பம் புகைகிறது. அந்தப் புகைக்குள் பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிறார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்ற பழமொழியைச் சந்தேகத்துக்குச் சொல்வார்கள். நான் சொல்வது உண்மையான நெருப்பு, உண்மையான புகை. நாங்கள் எரித்துக்கொண்டே இருந்தால் இந்தத் தம்பிமார் எத்தனை வகுப்புப் படித்தும் நாலரை மணிக்கு ஓடத்தான் வேண்டும். தவிசாளர் ஐயா, சருகை உரமாக்க ஒழுங்கைக்கு ஒரு குழி, பிளாஸ்ரிக்குக்கு வாரம் ஒருதரம் உழவு இயந்திரம். இவ்வளவும் தாருங்கள்.

செலவுப் பேச்சுக்கு நேரமில்லை, செயலாளர் மணி அடிக்கிறார். வாசல் மேசையில் இரண்டு கொப்பி இருக்கிறது. ஒன்று வீடியோ வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் தொண்டர்களுக்கு. முட்டு உள்ளவர்களும் தாராளமாக எழுதலாம், பெயரை வெளியே விடமாட்டோம். மற்றது குப்பை எரிப்பதை நிறுத்தக் கேட்கும் விண்ணப்பம். பேனையை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.