தேவதூதரைச் சுட்டது யார்?

[காட்சி: பழைய மரக்கூரை. கேமரா மெல்ல மேலேறி, இறக்கை விரித்த தேவதூதர் சிற்பத்தில் நிற்கிறது.]

இந்த இறக்கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பொடிப்பொடியாகத் துளைகள் தெரிகின்றனவா? பூச்சி அரித்த துளைகள் அல்ல. ஈயக் குண்டு பட்டவை. தேவாலயக் கூரையில் இருக்கும் தேவதூதரை யாராவது துப்பாக்கியால் சுடுவார்களா? சுட்டிருக்கிறார்கள். யார், எதற்கு என்று பார்ப்போம்.

[காட்சி: சதுப்பு நிலம். தூரத்தில் மேட்டின் மேல் தேவாலயம்.]

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது சஃபோக் மாவட்டம். அங்கே பிளைத் ஆற்றங்கரையில் பிளைத்பரோ என்ற கிராமம். இன்று சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பங்குத் தேவாலயம் ஏறக்குறைய 127 அடி நீளம். சதுப்பு நிலத்துக் கதீட்ரல் என்றே அதற்குச் செல்லப்பெயர்.

இத்தனூண்டு ஊருக்கு இவ்வளவு பெரிய தேவாலயம் எதற்கு? ஒரு காலத்தில் இது படகுகள் வந்து போன துறை, சந்தை கூடிய ஊர். அகஸ்தீன் சபைத் துறவிகளின் மடமும் பக்கத்திலேயே இருந்தது. 1412-இல் அந்தத் துறவிகளுக்குப் புதிய தேவாலயம் கட்ட நான்காம் ஹென்றி அரசர் அனுமதி கொடுத்தார். 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் புதிதாக எழுப்பினார்கள். கோபுரம் கட்டடத்துக்குப் பொருந்தாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

[காட்சி: வெளிச்சுவர், மிக அருகில். கறுப்பும் வெள்ளையுமான கற்கள்.]

சஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடைக்காது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல். அதை உடைத்தால் உள்ளே கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும். வெளியூரிலிருந்து வந்த வெள்ளைக் கல்லைச் செதுக்கிச் சட்டமாக வைத்து, அதன் நடுவே இந்தக் கறுப்புச் சில்லுகளைப் பதித்தார்கள். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே வரிசையாகத் தெரியும் எழுத்துகள்கூட இந்த வேலைப்பாடுதான். கல் இல்லாத ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த அலங்காரம் இது. எனக்குப் பளிங்கைவிட இது பிடிக்கும்.

[காட்சி: உள்ளே. இரு புறமும் வெளிச்சம்.]

சரி, உள்ளே போவோம். மக்கள் உட்காரும் நடுக்கூடத்துக்கும் பீடம் இருக்கும் பகுதிக்கும் நடுவே கல் வளைவு கிடையாது. ஒரே கூரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிறது. தூண்களுக்கு மேலே, ஒவ்வொரு பக்கமும் 18 ஜன்னல்கள். அவ்வளவு உயரத்தில் அத்தனை ஜன்னல் வைக்க வேண்டுமானால் சுவர் மெலிதாக இருக்க வேண்டும், கூரையும் கனமாக இருக்கக் கூடாது. அதனால்தான் மரக்கூரை. அதன் நடு உத்தரத்தில், முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டிரண்டு தேவதூதர்கள். வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பிலும் பச்சையிலும் பூக்கள். 15-ஆம் நூற்றாண்டுச் சாயம், வெளிறிப் போயிருக்கிறது. மேலே யாரும் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை என்பதே பெரிய அதிர்ஷ்டம்.

கீழே பெஞ்சுகளையும் பாருங்கள். ஓரக்கட்டையில் மனிதரின் பாவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருப்பவன் கஞ்சன். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவன் தீனிக்காரன். படுக்கையை விட்டு எழாதவன் சோம்பேறி. பிரசங்கம் கேட்க வந்தவன் தன் பாவத்தின்மேலேயே கையை ஊன்றி உட்கார்ந்திருப்பான்!

[காட்சி: வடக்குக் கதவு. கருகிய தடங்கள்.]

அப்புறம் துரதிர்ஷ்டம் தொடங்கியது. ஆறு தூர்ந்தது, கப்பல்களோ பெரிதாகிக்கொண்டே போயின. துறைமுகம் படுத்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் மடமும் மூடப்பட்டது. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு. வழிபாடு நடக்கும்போதே இடி விழுந்தது. கோபுரத்தின் கூர்முனை கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே சரிந்தது. ஓர் ஆளும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். ஒரு கறுப்புப் பேய்நாய் ஓடியதாகவும், கதவில் இருப்பது அதன் நகக்கீறல் என்றும் ஊரில் சொல்வார்கள். மெழுகுவர்த்திச் சுடர் பட்டாலும் மரத்தில் இப்படித்தான் தடம் விழும். ஆனால் சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கு நாயைத்தானே பிடிக்கும்!

[காட்சி: மீண்டும் துளைகள்.]

இப்போது சுட்டவருக்கு வருவோம். வழக்கமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர் வில்லியம் டவ்சிங். இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலத்தில் தேவாலயங்களிலுள்ள படங்களையும் சிலைகளையும் உடைக்க அதிகாரம் பெற்றுச் சுற்றிய தீவிரப் பியூரிட்டன், அதாவது வழிபாட்டில் படமும் சிலையும் கூடாது என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1644 ஏப்ரல் 9 அன்று பிளைத்பரோவுக்கு வந்தார். 20 தேவதூதர் உருவங்களை இறக்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். ஆனால் இறக்கவில்லை. ஏன்? அண்ணாந்து பாருங்கள், புரியும். அத்தனை உயரத்துக்கு ஏணி போட்டு யார் ஏறுவது? ஏற முடியாத கோபத்தில் அவருடைய ஆட்கள் சுட்டார்கள் என்று கதை கட்டிவிட்டார்கள். பிறகு, பழுதுபார்த்தபோது மரத்திலிருந்து எடுத்த குண்டுகள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அந்த நூற்றாண்டுத் தேவாலயக் கணக்கிலேயே செலவு எழுதியிருக்கிறது: கூரையில் கூடு கட்டிய ஜாக்டாக்களைச் சுட மருந்தும் குண்டும். ஜாக்டா என்பது காக்கையின் சின்னத் தம்பி. ஆக, தேவாலயமே கூலி கொடுத்துக் காக்கை சுட்டதில் தேவதூதருக்குப் பட்டுவிட்டது.

1881 வாக்கில் கூரை இன்னும் மோசம். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வழிபாட்டில் உட்கார்ந்தார்களாம். ஆபத்து என்று கட்டடத்தையே மூடினார்கள். பழையதைப் பிடுங்கிப் புதிதாகப் போடாதீர்கள், இருப்பதைச் சரிசெய்யுங்கள் என்று வில்லியம் மாரிஸ் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் மல்லுக்கு நின்றது. காசும் இல்லை, சண்டையும் ஓயவில்லை. அதனால் பழைய கூரை தப்பியது, துளைகளோடு.

[காட்சி: பெஞ்சின் ஓரக்கட்டை.]

அங்கே போனால் ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தால் பெஞ்சில் சாய்ந்துகொள்ளலாம். கைக்குத் தட்டுப்படுவது சோம்பேறியாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.